வானத்திலிருந்து உப்பு பார்க்கிறார்கள்

வங்கக் கடலின் உப்பு குறையும் மாதங்களில்தான் புயல்களுக்கும் பலம் கூடுகிறது. அந்த உப்பை 700 கி.மீ. உயரத்திலிருந்து அளக்க விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பது தண்ணீரின் ஒரு மின் குணம். கரைந்த உப்பு அந்தக் குணத்தை மாற்றிவிடுகிறது.

ஐந்து நாட்களுக்கு ஒரு முறை அந்த மீனவர்கள் கடலில் இறங்குவது மீனுக்காக அல்ல. படகு வேண்டாம், வலை வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கொஞ்சம் கடல் நீரைப் பிடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய கடலியல் கழகம் 2005 மே மாதம் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியக் கடற்கரையில் எட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மீனவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஒரு நாள் கடலில் மிதக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது காசே அல்ல.

ஆனால் அந்த நீர் சொன்ன செய்தி சாதாரணமானதல்ல. பருவமழை முடியும் தறுவாயில் வங்கக் கடலின் வடபகுதியில் உப்பின் அளவு, ஒரு கிலோ நீருக்கு 10 கிராமுக்கும் மேல் சரிந்தது. அந்த இளநீர் அங்கேயே கலந்து மறைந்துவிடவும் இல்லை. கரையை ஒட்டிச் சுமார் 100 கி.மீ. அகலத்தில் ஒரு பட்டையாகத் தெற்கு நோக்கி நகர்ந்தது. ஒடிசா, ஆந்திரம், தமிழகம் என்று கீழிறங்கி, இரண்டரை மாதத்தில் தீபகற்பத்தின் தென் முனையைத் தொட்டது. 2014இல் இந்த முடிவுகளை வெளியிட்ட இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் ‘கடலுக்குள் ஒரு நதி’.

எட்டு இடங்களில் மொண்ட நீர் கரையோரத்தின் கதையைச் சொல்லிவிட்டது. கரையிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், யாரும் முழங்கால் நனைக்க முடியாத நடுக்கடலில் என்ன நடக்கிறது? புயல் உருவாவது அங்கேதான். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் விஞ்ஞானிகள் வானத்தை நாடினார்கள். விடை கிடைத்த இடம், எந்தக் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் ஓர் எளிய இயற்பியல்.

இளநீர் மூடி

இந்தியாவின் இரு புறமும் உள்ள கடல்கள் ஒரே அட்சரேகையில் இருந்தாலும் குணத்தில் எதிரெதிர். அரபிக் கடலில் மழையாகவும் ஆறாகவும் வந்து சேர்வதைவிட ஆவியாகிப் போவது அதிகம். எனவே அங்கே உப்பு 36ஐயும் தாண்டுகிறது. (கடலியலில் 35 என்றால் ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு, உலகக் கடல்களின் சராசரியும் ஏறக்குறைய அதுவே.) வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாமே வந்து கொட்டுகின்றன. போதாததற்கு மழையும் அங்கேதான் அதிகம். பருவமழைக்குப் பிறகு அதன் வடபகுதியில் உப்பு 30க்கும் கீழே போய்விடுகிறது. ஆற்று முகங்களுக்கு அருகே இன்னும் குறைவு.

உப்பு குறைந்த நீர் லேசானது. அது கனமான உப்பு நீரின் மேல் எண்ணெய் போலப் படர்ந்து நிற்கிறது. காற்று அடித்து மேல் நீரையும் கீழ் நீரையும் கலக்கப் பார்த்தாலும் இந்த மூடி எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மேல் அடுக்குக்குக் கீழே, அதே வெப்பமும் ஆனால் அதிக உப்பும் கொண்ட இன்னொரு அடுக்கு உருவாகிறது. கடலியலாளர்கள் இதைத் ‘தடுப்பு அடுக்கு’ என்கிறார்கள். ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வராமல் தடுப்பதால் வந்த பெயர்.

புயலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரானது. புயல் என்பது கடலின் வெப்பத்தைத் தின்று வளரும் ஒரு இயந்திரம். ஆனால் அது தன் உணவைத் தானே கெடுத்துக்கொள்ளும் இயந்திரமும்கூட. பலத்த காற்று கடலைக் கடைந்து, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டு வரும். மேற்பரப்பு குளிர்ந்தால் புயலின் வலு குறையும். பெரும்பாலான கடல்களில் புயலுக்குக் கடிவாளம் போடுவது இதுதான். தடுப்பு அடுக்கு இருக்கும் இடத்தில் இந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. புயல் எவ்வளவு கடைந்தாலும் மேலே வருவது கிட்டத்தட்ட அதே வெதுவெதுப்பான நீர்தான்.

பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் வட வங்கக் கடலைப் புயல் கலக்கினாலும் மேற்பரப்பு அதிகம் குளிர்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாசிஷ் சென்குப்தாவும் சகாக்களும் 2008இல் காட்டினார்கள். 2012இல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டது. கோடைப் புயல்கள் கடலைக் குளிர்விப்பதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அக்டோபருக்குப் பிந்தைய புயல்கள் செய்கின்றன. இந்த வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதத்துக்கு உப்பே காரணம்.

உப்பு மட்டுமே புயலின் தலைவிதியை எழுதுவதில்லை. மேல் வளிமண்டலக் காற்று, ஈரப்பதம், கடலின் வெப்பம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் இந்தியாவின் கிழக்குக் கரையில் இது ஏட்டளவு விவகாரம் அல்ல. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயல் சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் புயலின்போது லட்சக்கணக்கானவர்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. புயல் எங்கே கரை கடக்கும் என்று சொல்வதில் வானிலைத் துறை வெகுவாக முன்னேறிவிட்டது. எவ்வளவு பலத்தோடு வரும் என்று சொல்வதுதான் இன்னும் கடினம். அதற்குக் கடலின் மேல் அடுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நாக்கிலிருந்து மின்சாரம் வரை

உப்பை அளக்க மனிதனுக்கு இருந்த முதல் கருவி நாக்கு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுப்பாய்வு செய்து 1884இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலாக இருந்தாலும், மொத்த உப்பு கூடினாலும் குறைந்தாலும், அதிலுள்ள முக்கிய உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. இது கடலியலாளர்களுக்குக் கிடைத்த வரம். எல்லா உப்பையும் தனித்தனியே அளக்க வேண்டியதில்லை. குளோரினை மட்டும் வெள்ளி நைட்ரேட் கொண்டு அளந்தால் மீதியைக் கணக்கிட்டுவிடலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. உப்பு நீரில் மின்சாரம் பாயும். உப்பு கூடக்கூட அதிகம் பாயும். தூய நீரோடு ஒப்பிட்டால் கடல் நீரின் மின்கடத்து திறன் பல லட்சம் மடங்கு. 1978இல் வகுக்கப்பட்ட உப்பு அளவுகோல் முற்றிலும் இந்த மின்கடத்து திறனை வைத்தே அமைந்தது. இன்று கப்பலிலிருந்து இறக்கப்படும் கருவியும், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் நிறுத்தியிருக்கும் மிதவைகளும், 2,000 மீட்டர் ஆழம் வரை போய் பத்து நாட்களுக்கு ஒரு முறை மேலே வந்து தகவல் அனுப்பும் ‘ஆர்கோ’ மிதவைகளும் உப்பை அளப்பது இப்படித்தான்.

குறை என்னவென்றால், இவை எல்லாமே தண்ணீரைத் தொட்டாக வேண்டும். கப்பல் போகும் பாதையில் மட்டும்தான் கப்பலின் அளவு. ஆர்கோ மிதவைகளுக்கு இடையே உள்ள தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கடலின் மேற்பரப்பை நெருங்கும்போது அவற்றில் பெரும்பாலானவை, கருவி அழுக்காகாமல் இருக்க, நீரை இழுக்கும் பம்ப்பை நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மழை நீரும் ஆற்று நீரும் தங்குவது அந்த மேல் சில மீட்டரில்தான்.

தொடாமல் உப்பை அறிய முடியுமா? முடியும். அதற்குத் தண்ணீரின் இன்னொரு மின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எண்பது என்ற எண்

தண்ணீர் மூலக்கூறு ஒரு சின்னக் காந்த ஊசி போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதன் இரு முனைகளும் காந்த முனைகள் அல்ல. ஆக்சிஜன் பக்கம் எதிர் மின்னேற்றம், ஹைட்ரஜன்கள் பக்கம் நேர் மின்னேற்றம். வெளியிலிருந்து ஒரு மின்புலம் வந்தால் இந்த இருமுனைகள் அதை நோக்கித் திரும்பி, அந்தப் புலத்தின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. ஒரு பொருள் மின்புலத்தை எத்தனை மடங்கு தணிக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். வெற்றிடத்துக்கு அது 1. காற்றுக்கும் ஏறக்குறைய 1. சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு 3ஐ ஒட்டி. சாராயத்தில் உள்ள எத்தனாலுக்கு சுமார் 24. தண்ணீருக்கோ, 20 டிகிரி செல்சியஸில், 80.

உப்பு தண்ணீரில் கரைவதே இந்த எண்பதின் தயவால்தான். சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் மின் விசை தண்ணீருக்குள் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அயனிகள் பிரிந்து போகின்றன. எண்ணெயில் உப்பு கரையாமல் அடியில் தங்குவதற்கு முக்கியக் காரணம், எண்ணெயால் அந்த விசையை அந்த அளவுக்குத் தணிக்க முடியாது என்பதே.

தன்னைக் கரைத்த அந்த எண்ணையே உப்பு மாற்றிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது.

முதலாவது, கட்டிப்போடுவது. ஒவ்வொரு சோடிய அயனியும் தன்னைச் சுற்றி ஐந்தாறு நீர் மூலக்கூறுகளை இழுத்து நிறுத்திக்கொள்கிறது. அவற்றின் ஆக்சிஜன் முனைகள் அயனியைப் பார்த்தபடி நிற்கும். வெளியிலிருந்து மின்புலம் வந்தாலும் அவை சுதந்திரமாகத் திரும்ப முடியாது. திரும்பும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்தால் மாறிலியும் குறையும். கடல் நீரின் உப்பில் அது 80இலிருந்து சுமார் 70க்கு இறங்குகிறது. செறிவான உப்புக் கரைசலில் 50க்கும் கீழே போகிறது. இரண்டாம் உலகப் போர் தந்த ராடார் தொழில்நுட்பத்தைக் கொண்டு இதை முறையாக அளந்தவர்கள் ஹேஸ்டட், ரிட்சன், கோலி ஆகிய மூவர். அவர்களது கட்டுரை 1948இல் வந்தது.

இரண்டாவது, திருடுவது. உப்பு நீரில் அயனிகள் நகர முடியும். மின்காந்த அலை நுழையும்போது அவை அங்குமிங்கும் ஓடி, அலையின் சக்தியைப் பிடுங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. தூய நீரும் சக்தியை உறிஞ்சும். ஆனால் அதன் காரணம் வேறு. அலை திசை மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூலக்கூறுகள் பின்தங்கும்போது உரசலில் சக்தி வீணாகிறது. மூலக்கூறு திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் சுமார் ஒன்பது பங்கு. எனவே இந்த உரசல் உச்சத்தை எட்டுவது 17 முதல் 20 கிகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். இந்தப் பின்தங்கலுக்குக் கணித வடிவம் தந்தவர் பீட்டர் டிபை. 1936ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

அயனிகளின் திருட்டுக்கு இப்படி உச்சம் கிடையாது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரு நல்ல பிரிவினை கிடைக்கிறது. 19 கிகா ஹெர்ட்ஸில் பார்த்தால் கடல் நீருக்கும் ஆற்று நீருக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. 1.4 கிகா ஹெர்ட்ஸில் பார்த்தால் அயனிகளின் பங்கு 13, 14 மடங்கு பெருகி, தண்ணீரின் சொந்த உறிஞ்சலை அமுக்கிவிடுகிறது. அங்கே உப்பு பளிச்சென்று தெரிகிறது.

மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீடுகளில் இதன் சாயலைக் காணலாம். அந்த அடுப்பு வேலை செய்யும் 2.45 கிகா ஹெர்ட்ஸில் உப்புப் போட்ட பண்டம் அலையை மேற்பரப்பிலேயே அதிகம் உறிஞ்சிவிடும். ஓரம் கொதிக்க, நடுப்பகுதி ஆறிக் கிடப்பதற்கு உப்பும் ஒரு காரணம்.

கடல் விடும் மூச்சு

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் நுண்ணலையை வெளியிட்டுக்கொண்டிருக்கும். கடலும் அப்படித்தான். ஆனால் எவ்வளவு வெளியிடும் என்பது அதன் வெப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. நல்ல கண்ணாடி போல எதிரொளிக்கும் பரப்பு குறைவாகவே வெளியிடும். பரப்பு எவ்வளவு எதிரொளிக்கும் என்பதைத் தீர்மானிப்பதோ மின்காப்பு மாறிலியும் உறிஞ்சலும்தான்.

1.4 கிகா ஹெர்ட்ஸில், நேர் மேலிருந்து பார்க்கும்போது, நன்னீர்ப் பரப்பு முழுக் கரும்பொருள் வெளியிடும் அளவில் சுமார் 36 சதவீதத்தை வெளியிடுகிறது. சராசரிக் கடல் நீர் சுமார் 31 சதவீதம். அதாவது ஒரே வெப்பத்தில் இருந்தாலும் கடல் நீர், நன்னீரைவிடச் சுமார் 15 டிகிரி குளிர்ந்தது போல ரேடியோ கருவிக்குத் தெரியும். உப்பில் ஒரு கிராம் மாறினால் சராசரியாக அரை டிகிரி வித்தியாசம். வெதுவெதுப்பான கடலில் இது கொஞ்சம் கூடுதல், துருவக் கடலில் பாதிக்கும் குறைவு. அந்த வகையில் வங்கக் கடலுக்கு இயற்கை சலுகை காட்டியிருக்கிறது.

ஆனால் அரை டிகிரி என்பது பெரிய விஷயம் அல்ல. கடலியலாளர்கள் கேட்பது 0.2 கிராம் துல்லியம். அப்படியானால் கருவி டிகிரியில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அலைகள் எழும்பி மேற்பரப்பு கரடுமுரடானால் அதுவே அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்யும். பால்வெளி மண்டலத்தின் ரேடியோ ஒளி கடலில் பட்டுத் தெறித்துக் கணக்கைக் கெடுக்கும். அயனி மண்டலமும் தன் பங்குக்குக் குழப்பும். ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கழித்த பிறகு மிஞ்சுவதே உப்பு.

கழித்த பிறகும், இவ்வளவு வெளியீடு என்றால் இவ்வளவு உப்பு என்று சொல்ல ஒரு வாய்பாடு வேண்டும். அமெரிக்காவின் கிளைன், ஸ்விஃப்ட் இருவரும் 1977இல் தந்த சூத்திரம்தான் நெடுங்காலம் அந்த வாய்பாடாக இருந்தது. செயற்கைக்கோள்களின் துல்லியம் கூடியபோது அந்தச் சூத்திரமே போதாமல் போனது. வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல் நீரின் மின்காப்பு மாறிலியை மறுபடியும் முதலிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். விண்வெளியில் பல கோடி டாலர் செலவிடும் திட்டத்தின் நம்பகம், ஒரு குழாயில் அடைத்த கொஞ்சம் உப்பு நீரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று செயற்கைக்கோள்கள்

கடலை நுண்ணலையில் பார்ப்பதில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. 1979 ஜூன் 7 அன்று விண்ணில் ஏவப்பட்ட பாஸ்கரா செயற்கைக்கோளிலேயே ‘சமீர்’ என்ற நுண்ணலைக் கருவி இருந்தது. அது பார்த்தது 19, 22 கிகா ஹெர்ட்ஸில். நீராவியை அறிய அது சரியான இடம். உப்பை அறிய அல்ல. 1999 மே 26 அன்று போன ஓஷன்சாட் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவியும் 6.6 கிகா ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை.

கீழே இறங்குவதில் ஒரு சிக்கல். அலைநீளம் கூடக் கூட ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். 1.4 கிகா ஹெர்ட்ஸின் அலைநீளம் 21 செ.மீ. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2009 நவம்பர் 2 அன்று ஏவிய ‘ஸ்மோஸ்’ செயற்கைக்கோள் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. மூன்று கைகளில் 69 சிறு ஆன்டெனாக்களைப் பதித்து, அவற்றின் சமிக்ஞைகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆன்டெனா போல இயங்க வைத்தது. அமெரிக்காவும் அர்ஜென்டினாவும் சேர்ந்து 2011 ஜூன் 10 அன்று அனுப்பிய ‘அக்வாரியஸ்’ கடலின் உப்புக்கென்றே செய்யப்பட்டது. 2015 ஜூனில் மின் கோளாறால் அது ஓய்ந்தது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய ‘ஸ்மாப்’ உண்மையில் நிலத்தின் ஈரத்தை அளக்கப் போனது. காய்ந்த மண்ணின் மாறிலி 3, 4. தண்ணீரின் மாறிலி 80. ஆகவே மண் நனைந்தால் உடனே தெரியும். அதன் ஆறு மீட்டர் வலை ஆன்டெனா கடலின் உப்பையும் காட்டியது கூடுதல் லாபம்.

வங்கக் கடல் இந்தக் கருவிகளுக்குக் கடும் சோதனை வைத்தது. ஸ்மோஸ், ஸ்மாப் இரண்டும் ஒரே பார்வையில் பிடிப்பது சுமார் 40 கி.மீ. அகலத் துண்டு, அக்வாரியஸுக்கு அது 100 கி.மீ.க்கு மேல். கரையை ஒட்டி ஓடும் நதியைப் பார்க்கப் போனால் பக்கத்து நிலமும் பார்வையில் விழும். ரேடியோ கண்ணுக்கு நிலம் 250 டிகிரிக்கு மேல், கடல் 100 டிகிரி சொச்சம். (இவை கெல்வின் அளவில்.) ஓரத்தில் கொஞ்சம் நிலம் பட்டாலே உப்புக் கணக்கு தாறுமாறாகிவிடும்.

இன்னொரு தொல்லை மனிதன் செய்தது. 1,400 முதல் 1,427 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை வானியலாளர்களுக்கென்று சர்வதேச அளவில் ஒதுக்கப்பட்டது. அங்கே யாரும் ஒலிபரப்பக் கூடாது. ஆனால் ஸ்மோஸ் மேலே போய்ப் பார்த்தபோது ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து அந்த அமைதி மண்டலத்துக்குள் ரேடியோ இரைச்சல் கசிந்துகொண்டிருந்தது. கடலின் மெல்லிய மூச்சைக் கேட்க வந்த கருவிக்கு இது சந்தைக்கடை நடுவே இதயத் துடிப்பைக் கேட்பது போன்ற அவஸ்தை. அதன் முதல் சில ஆண்டுத் தகவல்கள் வங்கக் கடலில் அதிகம் பயன்படவில்லை. அக்வாரியஸ் மேலாக இருந்தது. பிறகு இரைச்சலையும் நிலத்தின் கறையையும் நீக்கும் முறைகள் சீரானதும் ஸ்மோஸின் பழைய பதிவுகள் மறுபடி கணக்கிடப்பட்டன. பத்தாண்டுப் பதிவு திருத்தப்பட்டு 2020இல் வங்கக் கடலின் உப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்ற சித்திரம் கிடைத்தது.

கரையோரத்தில் அந்தச் சித்திரம் சரியா என்று ஒத்துப் பார்க்க, நீரைத் தொட்டு எடுத்த அளவுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் ஒரு நாற்பது கிலோமீட்டரின் சராசரியைச் சொல்கிறது. அதுவும் மேல் ஒரு செ.மீ. நீரின் சராசரி, அதற்குக் கீழிருந்து வரும் அலைகளை உப்பே விழுங்கிவிடுகிறது.

ஒளிந்துகொள்ள உதவும் உப்பு

ரேடியோ அலையை விழுங்கும் இதே குணம் ராணுவத்துக்கு வேறு கணக்கு. கடலுக்கடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை ராடாரால் பார்க்க முடியாமல் இருப்பது உப்பின் உபயம். ஆனால் அந்தக் கப்பலோடு பேசவும் முடியாது. அதிர்வெண்ணை மிக மிகக் குறைத்தால்தான் அலை சில மீட்டர்களாவது உள்ளே இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் கடற்படை அமைத்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இதற்காகவே வந்தது. வானளாவிய கோபுரங்கள் அனுப்பும் அலையின் அதிர்வெண் செயற்கைக்கோள் கேட்கும் அலையினுடையதைப் போலப் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு இறங்கி வந்தும், கப்பல் மேற்பரப்புக்கு அருகே வந்தால்தான் செய்தி கேட்கும். இரண்டாவது நிலையத்துக்கு தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது காடு அழியும் என்று எதிர்ப்பு கிளம்பியது. உப்புக் கடலைத் துளைக்க அவ்வளவு பெரிய ஆன்டெனாவும் அவ்வளவு பெரிய நிலமும் தேவைப்படுகின்றன.

யார் அடுத்துப் பார்ப்பது?

கடலின் உப்பை வானிலிருந்து பார்ப்பது இனி யாருடைய பொறுப்பு என்பதுதான் இப்போதைய கேள்வி. அக்வாரியஸ் போய்விட்டது. ஸ்மோஸ், ஸ்மாப் இரண்டுமே தமக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டு ஆயுளை எப்போதோ கடந்தவை. சீனா 2024 நவம்பரில் உப்புக்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. ஐரோப்பாவின் அடுத்த நுண்ணலைச் செயற்கைக்கோளிலும் 1.4 கிகா ஹெர்ட்ஸ் இடம் பெறுகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய, அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோள் ‘நிசார்’ ஏறக்குறைய அதே அலைவரிசையைப் பயன்படுத்தினாலும் அது ராடார். அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. கடலின் சொந்த மூச்சை அது கேட்காது.

உலகிலேயே உப்பு இவ்வளவு வேகமாக மாறும் கடல்களில் ஒன்று இந்தியாவின் வாசலில் இருக்கிறது. அதன் கரையில் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். ஆறுகளில் அணைகள் கூடுகின்றன. மழையின் போக்கும் மாறிவருகிறது. கடலுக்குள் போகும் நன்னீர் எவ்வளவு, எப்போது, எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது புயல் கணிப்புக்கு மட்டுமல்ல, பருவமழைக் கணிப்புக்கும் தேவை. அடுத்த முறை அக்டோபரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு அந்தமான் பக்கம் தலைதூக்கும்போது, அதன் பாதையில் இளநீர் மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால், பாராதீப்பிலோ மசூலிப்பட்டினத்திலோ கடலூரிலோ ஆட்களை அப்புறப்படுத்தும் அதிகாரிக்கு முடிவெடுக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் கிடைக்கும்.

அந்தத் தகவலை அயல் நாட்டுச் செயற்கைக்கோள்கள் இதுவரை இலவசமாகவே தந்திருக்கின்றன. அவை நின்றுபோகும் நாள் வந்தால், நடுக்கடலின் உப்புக்கு மிதவைகளையும் கப்பல்களையும் விட்டால் வேறு சாட்சி இருக்காது. கரையின் உப்புக்கு, முழங்கால் நனைய நின்று நீர் மொள்ளும் மீனவரே சாட்சி.